ஆசிரியர் பாதியில் விட்டுப்போன நாவலை மாணவர் முடிக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் இறந்துவிட்டார். 30 அத்தியாயங்களாகத் திட்டமிட்ட நாவல் ஒன்றை விட்டுப்போயிருக்கிறார். 22 அத்தியாயங்கள் திருத்தி முடித்த நிலையில் இருக்கின்றன. அடுத்த நான்கும் முதல் வரைவு. மீதி நான்குக்குக் குறிப்புகள் மட்டும்தான். அதிலும் கடைசி அத்தியாயத்துக்கு ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு முடிவுகள். குடும்பத்தார் எல்லாவற்றையும் நெருங்கிய மாணவர் கையில் கொடுத்து, "நீங்கள்தான் முடித்துத் தர வேண்டும்" என்கிறார்கள். முடிக்கலாமா, முடித்தால் அவர் நடையிலேயே எழுத வேண்டுமா, யார் பெயரைப் போடுவது என்று கேட்கிறார் அந்த மாணவர்.

முடிக்கலாம். ஆனால் எழுத உட்காரும் முன் ஒரு கேள்வியைக் கைவிட்டுவிடுங்கள்: "அவர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்?" இதற்கு விடையே கிடையாது. அவருக்கே தெரிந்திருக்காது. எழுதிக்கொண்டு போகும்போது திட்டத்தை மாற்றாத நாவலாசிரியர் அபூர்வம். விடை உள்ள கேள்வி வேறொன்று: "அவர் எதையெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்?" அவர் முடிவு செய்ததை நீங்கள் நிறைவேற்றலாம். முடிவு செய்யாமல் விட்ட இடத்தில் நீங்கள் எழுதுவது உங்கள் எழுத்துதான், அவர் பெயரில் வந்தாலும். இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் இந்த வகைப் புத்தகங்கள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன என்பது பதிப்பாசிரியனாக என் அபிப்பிராயம்.

இசை உலகத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1945 செப்டம்பரில் இறந்தபோது இரண்டு படைப்புகள் பாக்கியாக நின்றன. மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவில் (தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கடைசி 17 'பார்' (தாளக் கட்டு) நீளத்துக்கு, வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலை மட்டும்தான் மீதி. வயோலா கான்செர்ட்டோவோ 13 பக்க வரைவு. எதற்குப் பிறகு எது வருகிறது என்பதே புதிர். இரண்டையும் முடித்துக் கொடுத்தவர் ஒரே ஆள், அவருடைய நண்பர் டிபோர் செர்லி. பியானோ கான்செர்ட்டோவை இன்று எல்லோரும் பார்டோக்கின் படைப்பாகவே கேட்கிறோம். வயோலா கான்செர்ட்டோ பற்றிய விவாதம் மட்டும் ஓயவில்லை. 1995-ல் பார்டோக்கின் மகன் பீட்டர் பங்கேற்று வேறொரு வடிவத்தையே கொண்டுவந்தார். இடையில் செர்லியின் திறமை ஒன்றும் குறைந்துவிடவில்லை, கையில் கிடைத்த சரக்குதான் வேறு. உங்களிடம் இந்த இரண்டு வகையும் ஒரே கட்டில் இருக்கின்றன. முதல் வரைவாக உள்ள நான்கு அத்தியாயங்கள் ஒரு வேலை, குறிப்பாக மட்டும் உள்ள நான்கு முற்றிலும் வேறு வேலை.

அதனால் முதலில் பிரித்து அடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் பாதுகாப்பு. தாள்களை வந்த வரிசையிலேயே, கலைக்காமல், இருபுறமும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் எழுதியிருப்பது நாவலுக்குச் சம்பந்தமில்லாத கணக்குப்போல இருந்தாலும் விடாதீர்கள். அந்தத் தாள் எப்போது எழுதியது என்பதை அது காட்டிக்கொடுக்கலாம். கிளிப்பைக் கழற்றும் முன், எது எதோடு சேர்ந்திருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்க எண் போட வேண்டுமானால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் போடுங்கள், பேனா வேண்டாம். கணினிக் கோப்புகளை முழுதாகப் படியெடுத்து, படியை மட்டும் திறங்கள். மூலத்தைத் திறந்து ஒருமுறை சேமித்துவிட்டால்கூட 'கடைசியாகத் திருத்திய தேதி' மாறிவிடும். அந்தத் தேதி இந்த வேலையில் பெரிய சாட்சி.

அப்புறம் ஒரு நீண்ட அட்டவணை போடுங்கள். அத்தியாயம் வாரியாகப் போதாது, காட்சி வாரியாக வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள்: அவர் திருத்தி முடித்ததா, ஒருமுறை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டதா, இரண்டு வரிச் சுருக்கமா, கேள்விக்குறி போட்ட யோசனையா, அல்லது அவர் வாயால் சொன்னது மட்டுமா. கேள்விக்குறிக்கு உரிய மரியாதையைக் கொடுங்கள். "அண்ணன் திரும்பி வருகிறான்" என்று எழுதியிருப்பதும் "அண்ணன் திரும்பி வருகிறானா?" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. அவசரத்தில் படிக்கும் மாணவர் இரண்டையும் ஒரே கட்டளையாக எடுத்துக்கொள்வார். கேள்விக்குறி போட்டவர் தன்னோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வாயால் சொன்னது தனி விவகாரம். உங்களுக்குச் சொல்லியிருப்பார், இன்னொரு மாணவருக்குச் சொல்லியிருப்பார், மனைவியிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார். குறிப்பேடுகளைப் படிக்கத் தொடங்கும் முன்பே, நாவலைப் பற்றி அவர் உங்களிடம் பேசியதை எல்லாம் நினைவில் உள்ளபடி எழுதி, தேதி போட்டு மூடி வைத்துவிடுங்கள். படித்த பிறகு எழுதினால், படித்ததையே அவர் சொன்னதாக நினைவு சொல்லும். மற்றவர்களிடம் கேட்கும்போதும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்துக் கேட்டால், யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் சொல்வதே ஆசிரியர் சொன்னதாக நிலைத்துவிடும்.

ஜப்பானியச் சித்திரக்கதைக்காரர் கென்டாரோ மியுரா 2021 மே மாதம் இறந்தபோது, 1989 முதல் வந்துகொண்டிருந்த அவருடைய 'பெர்செர்க்' நடுவில் நின்றது. அடுத்த ஆண்டு அவருடைய உதவியாளர்கள் வரைய, பள்ளிக்கால நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் தொடர் மீண்டும் தொடங்கியது. கதை எப்படி முடியும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே மியுரா அவரிடம் முழுதாகச் சொல்லியிருந்தார். மோரி வாசகர்களிடம் முன்கூட்டியே ஒரு வரம்பை அறிவித்தார்: மியுரா என்னிடம் சொன்னதை மட்டும் எழுதுவேன், தெளிவாக நினைவில்லாததை எழுத மாட்டேன், நானாக இட்டு நிரப்ப மாட்டேன். அதனால் கதை சில இடங்களில் மெலிந்து தெரியலாம். ஆனால் எது யாருடையது என்ற சந்தேகம் வாசகருக்கு வராது. வாய்மொழியை மட்டும் நம்பி வேலை செய்பவருக்கு இதைவிட நேர்மையான வரம்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது அந்த இரண்டு முடிவுகள். எது பிந்தியது என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பாருங்கள், தப்பில்லை. பேனா மை, குறிப்பேட்டில் அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, கோப்பின் தேதி எல்லாம் உதவும். ஆனால் பிந்தியது என்பதாலேயே அது முடிவானது ஆகிவிடாது. சோர்ந்த ஒரு நாளில் மாற்றி யோசித்துப் பார்த்திருக்கலாம். நான் இன்னொரு இடத்தில் தேடுவேன்: திருத்தி முடித்த 22 அத்தியாயங்களுக்குள். கடைசிச் சுற்றுத் திருத்தத்தில் அவர் முன்பகுதியில் எதைச் சேர்த்திருக்கிறார், எதை எடுத்திருக்கிறார்? ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கடிதத்தைப் புதிதாக நுழைத்திருக்கிறார், அந்தக் கடிதம் ஒரு முடிவுக்கு மட்டும்தான் தேவைப்படுகிறது என்றால், அவர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்பது தெரிந்துவிடுகிறது. முடிவைத் தயார் செய்ய ஆசிரியர்கள் பின்னோக்கிப் போய் விதை போடுவார்கள். வேண்டாமென்று விட்ட முடிவுக்கான விதைகளைப் பிடுங்கியும் எறிவார்கள். பழைய வரைவுக்கும் புதிய வரைவுக்கும் இடையிலான வித்தியாசத்தை வரி வரியாக ஒப்பிட்டால் இது பிடிபடும். அலுப்பான வேலைதான், ஆனால் நீங்கள் தவிப்போடு கேட்ட கேள்விக்குப் பாதி விடை இங்கேதான் கிடைக்கும்.

அப்படியும் தெரியவில்லை என்றால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். மற்றதை அவர் குறிப்பிலிருந்து ஒரு சொல் மாற்றாமல் பின்னிணைப்பில் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒட்டவைத்து மூன்றாவதாக ஒரு முடிவு செய்ய வேண்டாம். அது அவரும் நினைக்காதது, நீங்களும் தனியாக எழுதினால் எழுதாதது.

முடிவு தெரிந்தால் வேலை எவ்வளவு எளிதாகிறது என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் ராபர்ட் ஜோர்டன் சாட்சி. பல நூல்களாக நீண்ட அவருடைய 'காலச் சக்கரம்' தொடர் முடியும் முன்பே 2007-ல் இறந்துபோனார். ஆனால் கடைசிக் காட்சியைத் தானே எழுதி வைத்திருந்தார், நோயில் படுத்த மாதங்களில் வீட்டாரிடம் நிறையச் சொல்லியும் வைத்திருந்தார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரிடம் பொறுப்பைக் கொடுத்தார். போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்திருந்ததால் அவர் தைரியமாக நடக்க முடிந்தது. இருந்தாலும் ஒரே நூல் என்று தொடங்கியது மூன்று நூல்களாக வீங்கி 2013-ல்தான் முடிந்தது. உங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆசிரியர் இரண்டு வரியில் எழுதிய சுருக்கத்தை மாணவர் 20 பக்கமாக்குவார். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். அவர் அத்தியாயங்களின் சராசரி நீளத்தை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகிறீர்கள் என்றால் எங்கோ விளக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாண்டர்சன் இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னார். ஜோர்டனின் நடையை அப்படியே காப்பியடிக்க அவர் முயலவில்லை. பாத்திரங்கள் அவர்களாகவே இருக்க வேண்டும் என்பதில்தான் அவர் கவனம் இருந்தது. இது சரியான வழி என்று நினைக்கிறேன். இனி நடை பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பாவனை செய்பவர் எதைப் பிடிக்கிறார்? கண்ணில் படுவதைப் பிடிக்கிறார். ஆசிரியருக்குப் பிடித்த சொல், அவருடைய நீண்ட வாக்கியம், மழை வந்தால் அவர் எழுதும் விதம். மூலத்தில் 50 பக்கத்துக்கு ஒருமுறை வரும் விஷயம் பாவனையில் பக்கத்துக்கு ஒருமுறை வரும். வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மேடையில் தலைவர் குரலில் பேசிக் காட்டும் மிமிக்ரி கலைஞரை ரசிக்கிறோம். அவரிடம் போய் யாரும் மனு கொடுப்பதில்லை.

அதற்குப் பதிலாக, கண்ணில் படாத விதிகளைக் கண்டுபிடித்துப் பின்பற்றுங்கள். கதைசொல்லிக்கு எவ்வளவு தெரியும்? ஒருவர் மனதுக்குள் மட்டும் போகிறாரா, எல்லோர் மனதுக்குள்ளும் போகிறாரா? வயதான பாத்திரத்தை 'அவர்' என்கிறாரா, 'அவன்' என்கிறாரா, அந்த மரியாதை கதை நடுவில் எங்காவது மாறுகிறதா? உரையாடல் பேச்சு வழக்கில் இருந்தால் எந்த அளவுக்குப் பேச்சு வழக்கு. 'என்றான்' வசனத்துக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, அல்லது வருவதே இல்லையா? ஓர் ஆள் அறைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பேசுகிறாரா, அறை முதலில் வர்ணிக்கப்படுகிறதா? அத்தியாயம் சம்பவத்தில் முடிகிறதா, சம்பவத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறதா? துக்கமான காட்சிகளில் அவர் என்ன சொல்லாமல் விடுகிறார்? இந்த மாதிரிக் கேள்விகளுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைக் கடைப்பிடித்தால், உங்கள் வாக்கியம் உங்கள் வாக்கியமாகவே இருந்தாலும் நாவலின் தரை அசையாது.

ஒரு மாணவருக்கு மட்டும் கிடைக்கும் புதையல் ஒன்று இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. உங்களுடைய பழைய கதைகளில் அவர் போட்ட திருத்தங்கள். அவர் அடித்த வரிகள், ஓரத்தில் எழுதிய "இது எதற்கு?", வட்டம் போட்ட உரிச்சொற்கள். அவர் எழுத்தில் இருப்பது அவர் வைத்துக்கொண்டது மட்டுமே. எதை வெட்டுவார் என்பது உங்கள் தாள்களில்தான் இருக்கிறது. இப்போது எழுதும் அத்தியாயங்களை அந்தக் கையைக் கடன் வாங்கித் திருத்துங்கள். ஒரு எச்சரிக்கை: மாணவர்களுக்குச் சொன்ன விதிகளை ஆசிரியர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்வதில்லை. "உவமையே வேண்டாம்" என்று உங்களிடம் கண்டிப்பாகச் சொன்னவர், தன் நாவலில் தாராளமாக எழுதியிருப்பார். உங்களிடம் அது மிகுதி என்பதால் உங்களுக்குச் சொன்னது அது.

இன்னொரு சறுக்கல், திருத்துவது. அவர் முடித்துவிட்ட பகுதியில் உங்களுக்குக் கரடுமுரடாகத் தெரியும் இடங்கள் இருக்கும். கை அரிக்கும். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1881-ல் இறந்த பிறகு அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான ரிம்ஸ்கி-கோர்சகோவ், நல்லெண்ணத்தோடுதான், அவர் இசையில் பிழை என்று தனக்குப் பட்ட இணைப்புகளை எல்லாம் இழைத்துச் சீராக்கினார். பல பத்தாண்டுகள் உலகம் அந்தச் சீரான வடிவத்தையே கேட்டது. பிறகு, பிழை என்று அவர் நினைத்ததில்தான் முசோர்க்ஸ்கியின் புதுமை இருந்தது என்று கலைஞர்கள் மூல வடிவத்துக்குத் திரும்பினார்கள். கைப்பிரதிகள் அழியாமல் இருந்ததால் திரும்ப முடிந்தது. முடிந்த 22 அத்தியாயங்களில் எழுத்துப்பிழை, விட்டுப்போன சொல், பெயர்க் குழப்பம் தவிர எதையும் தொடாதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் வயது 40, ஒன்பதில் 38 என்று இருந்தால் சரிசெய்யலாம். ஆனால் குறித்து வையுங்கள். முதல் வரைவாக உள்ள நான்கில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, அதிலும் வெட்டுவதைவிடச் சேர்ப்பதற்கு அதிகம் யோசியுங்கள்.

ஆசிரியரின் எழுத்தை எல்லாம் கணினிக்குக் கொடுத்து மீதியை எழுதவைக்கலாமே என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அதிலும் பாவனைப் பிரச்சினைதான் வரும், இன்னும் வேகமாக. அவர் எடுக்காத முடிவை எந்த இயந்திரமும் எடுத்துத் தர முடியாது. தேடவும், வரைவுகளை ஒப்பிடவும், ஒரு சொல்லை அவர் எங்கெங்கே பயன்படுத்தினார் என்று பார்க்கவும் கணினியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது? இசையமைப்பாளர் மோட்சார்ட் 1791 டிசம்பரில் இறந்தபோது, இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசையாக அவர் எழுதிவந்த 'ரெக்வியம்' பல நிலைகளில் இருந்தது. தொடக்கம் முழுமை. நடுப்பகுதிகள் பலவற்றில் பாடகர்களின் வரியும் அடிச் சுரமும் இருந்தன, வாத்தியங்கள் மட்டும் பாக்கி. 'லக்ரிமோசா' என்ற பகுதி எட்டு பார்களோடு நின்றுவிட்டது. கடைசிப் பகுதிகளுக்கு அவர் கையெழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை. மனைவி கான்ஸ்டான்ஸ் முதலில் நம்பியது யோசப் ஐப்லர் என்ற இசையமைப்பாளரை. அவர் மோட்சார்ட் வரைந்து வைத்த பகுதிகளுக்கு வாத்தியங்களை நிரப்பிக்கொண்டே வந்தார்; லக்ரிமோசாவில் சொந்தமாக இரண்டு பார் எழுதிப் பார்த்துவிட்டுப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு மோட்சார்ட்டின் உதவியாளர் சூஸ்மயர் முழுதாக முடித்தார். கடைசியில் புதிதாக இசை அமைப்பதற்குப் பதில் மோட்சார்ட்டின் தொடக்க இசையையே திரும்பக் கொண்டுவந்தார். ஐப்லர் பயந்தவர், சூஸ்மயர் துணிந்தவர் என்று நான் பார்ப்பதில்லை. தன் எல்லை எங்கே என்று ஐப்லருக்குத் தெரிந்திருந்தது. சூஸ்மயர் செய்ததிலும் ஒரு தந்திரம் இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்: கடைசிப் பக்கங்களுக்குப் புதுச் சரக்கு தேடாமல், ஆசிரியர் முன்பே கொண்டுவந்து வைத்த இடங்கள், பொருட்கள், பேச்சுகளையே திரும்ப அழையுங்கள். புதிய பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

முடிக்காமலே வெளியிடுவதும் கௌரவமான வழிதான். ரோமானியக் கவிஞர் வெர்ஜில் தன் 'ஈனியட்' காவியத்துக்குக் கடைசிக் கை வைக்காமல் கி.மு. 19-ல் இறந்தார். அதை வெளியிட்ட நண்பர்கள் எதையும் சேர்க்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட வரிகள் அரைகுறையாகவே இன்றும் நிற்கின்றன, யாருக்கும் அதனால் காவியம் குறைந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் இரண்டு உதாரணங்கள். கல்கி 1954-ல் மறைந்தபோது நின்றுபோன 'அமர தாரா'வை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார். உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கையை 1940 முதல் 'என் சரித்திரம்' என்று வார இதழில் தொடராக எழுதிவந்தார். 1942-ல் அவர் மறைந்தபோது, கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றிருந்தது. அதன் பிறகான வாழ்க்கையை நன்றாக அறிந்த மாணவர் கி.வா. ஜகந்நாதன், ஐயரின் 'நான்' இருந்த இடத்தில் தான் உட்காரவில்லை. 'என் ஆசிரியப்பிரான்' என்று தனியாக, தன் குரலில் எழுதினார். தன்வரலாற்றுக்கு வேறு வழியும் கிடையாது. உங்கள் ஆசிரியரின் நாவல் தன்மையில் சொல்லப்படுகிறது, அதில் அவருடைய சொந்த வாழ்க்கை நிறைய இருக்கிறது என்றால், கடைசி நான்கு அத்தியாயங்களை எழுதுவதைவிட கி.வா.ஜ. வழி நல்லது: அவர் எழுதிய 26-ஐ அப்படியே அச்சிட்டு, மீதிக்கு அவர் வைத்திருந்த திட்டத்தை உங்கள் குரலில் ஒரு கட்டுரையாகச் சொல்லிவிடலாம். படர்க்கையில் சொல்லப்படும் நாவல் என்றால் இந்தத் தடை இல்லை.

அவரே அழித்துவிடச் சொல்லியிருந்தால்? அப்போது மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டின் விருப்பப்படி, முடியாத எழுத்துகள் இருந்த அவருடைய ஹார்டு டிஸ்க்கை 2017-ல் ஒரு நீராவி ரோடு ரோலரை ஏற்றி நொறுக்கினார்கள். இதற்கு எதிர்வாதமாக எல்லோரும் எழுத்தாளர் காஃப்காவை இழுப்பார்கள்: எரிக்கச் சொன்னதை நண்பர் மாக்ஸ் பிராட் எரித்திருந்தால் உலகம் என்ன ஆகியிருக்கும் என்று. ஆனால் அப்படிச் செய்ய மாட்டேன் என்று காஃப்கா உயிரோடு இருக்கும்போதே அவரிடம் சொல்லிவிட்டதாக பிராட் எழுதியிருக்கிறார். சரி என்று ஒப்புக்கொண்டு பிறகு மீறியவர் அல்ல அவர். உங்கள் ஆசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தால், குடும்பம் ஆசைப்படுகிறது என்பதற்காக அதை மீற வேண்டாம்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கைப்பிரதி உங்கள் கையில் இருப்பதால் வெளியிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. காப்புரிமை பெரும்பாலும் வாரிசுகளுக்கோ உயிலில் குறிப்பிட்டவருக்கோ போகும். காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி அது ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள். இந்தியாவில் 60, பல நாடுகளில் 70. "நீங்கள்தான் முடிக்க வேண்டும்" என்று மனைவி வாயால் சொன்னது போதாது. எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அவர் ஏற்கெனவே ஒரு பதிப்பகத்தோடு இந்த நாவலுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் எழுதும் பகுதியின் உரிமை யாருக்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருவது ஒருவரா பலரா, குடும்பத்துக்குப் பிடிக்காவிட்டால் என்ன, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தேதி முக்கியம். இந்த வேலையை முடிக்க மனம் வராது, இன்னும் ஒரு சுற்றுத் திருத்தம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

குடும்பத்தோடு இன்னொரு சிக்கலும் வரும். பாத்திரங்களில் தங்களைக் கண்டுபிடிப்பார்கள். "இந்தப் பகுதி வேண்டாமே" என்பார்கள். அவர் திருத்தி முடித்த பகுதி என்றால், அதை எடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். சட்டப்படி எடுக்க அவர்களுக்கு உரிமை இருந்தால், எடுக்கப்பட்டது என்பதையாவது பின்னுரையில் குறிப்பிட ஒப்புதல் வாங்குங்கள். வரைவை அத்தியாயம் அத்தியாயமாகக் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டாம், முழுதாக ஒரே தடவை கொடுங்கள். அதற்கு முன் இரண்டு பேர் படிக்கட்டும்: அவரை நன்றாக அறிந்த ஒருவர், அவரைச் சந்தித்தே இராத ஒருவர். இரண்டாமவர் எங்கே தடுக்குகிறார் என்பதே உங்களுக்கு அதிகம் பயன்படும். மற்ற மாணவர்கள் "அவர் என்னிடம் வேறு மாதிரி சொன்னாரே" என்பார்கள். முன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பேச்சு பாதி அடங்கிவிடும். மீதிப் பாதி புத்தகம் வந்த பிறகும் அடங்காது, விடுங்கள்.

பெயர் விஷயத்தில் எனக்குப் பிடித்த முன்மாதிரி ஓர் ஓவியத்தின் மேல் இருக்கிறது. 1576-ல் இத்தாலிய ஓவியர் டிஷியன் இறந்தபோது அவருடைய 'பியெத்தா' ஓவியம் முடியவில்லை. 'இளைய பால்மா' என்று அழைக்கப்படும் ஓவியர் அதை முடித்தார். டிஷியன் தொடங்கி விட்டுச்சென்றதை பால்மா பக்தியோடு முடித்துக் கடவுளுக்குக் காணிக்கையாக்கினார் என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்றை ஓவியத்திலேயே எழுதினார். யார் தொடங்கினார், யார் முடித்தார், என்ன மனநிலையில் என்று மூன்றும் ஒரே வரியில். உங்கள் அட்டையில் ஆசிரியர் பெயர் பெரிதாக இருக்கட்டும், கீழே 'நிறைவு செய்தவர்' என்று உங்கள் பெயர். பெயரே வேண்டாம் என்று ஒதுங்குவது அடக்கம்போலத் தெரியும், ஆனால் அப்போது உங்கள் பலவீனமான வரிகளும் அவர் கணக்கில் எழுதப்படும்.

தையல் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி 1924-ல் 'டூரண்டாட்' ஓபராவின் (இசை நாடகம்) கடைசிக் காட்சிகளை முடிக்காமல் இறந்தார். அல்ஃபானோ என்ற இசையமைப்பாளர் முடித்துக் கொடுத்தார். 1926 ஏப்ரல் 25 அன்று மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அரங்கேற்றம். புச்சினி எழுதியது எங்கே நிற்கிறதோ அங்கே இசைக்குழுவை நடத்திய தோஸ்கானினி இசையை நிறுத்தி, புச்சினியின் எழுத்து இதோடு முடிகிறது என்று அவையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அல்ஃபானோவின் முடிவோடு அடுத்த நிகழ்ச்சியிலிருந்துதான் நடந்தது. நாவலுக்குள் கோடு போட்டுக் காட்ட வேண்டியதில்லை, படிப்பவருக்கு அது இடைஞ்சல். பின்னுரையில் எழுதுங்கள்: முதல் 22 அத்தியாயம் அவருடையது, திருத்தியது இன்னின்ன இடம், 23 முதல் 26 வரை அவர் வரைவின் மீது நான் வேலை செய்தது, 27-லிருந்து அவர் திட்டம், என் வாக்கியம். பக்க எண்ணோடு சொல்லுங்கள். அந்தப் பின்னுரை அவரோடு பழகிய நினைவுகளுக்கான இடமல்ல. அதற்கு ஆசை இருந்தால் வேறெங்காவது தனியாக எழுதுங்கள்.

மூலங்களை என்ன செய்வது என்பதும் பாக்கி. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர், அப்பா விட்டுச்சென்ற முரண்பட்ட வரைவுகளிலிருந்து ஒரே சீரான 'சில்மரில்லியன்' நூலை 1977-ல் தயாரித்தார். பிறகு 1983 முதல் 1996 வரை, அந்த வரைவுகளையே உரை விளக்கங்களோடு 12 தொகுதிகளாக வெளியிட்டார். அவ்வளவு உங்களால் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் குறிப்பேடுகளும் ஸ்கேன்களும் நீங்கள் போட்ட அட்டவணையும் ஒரு நூலகத்துக்கோ ஆவணக்காப்பகத்துக்கோ போய்ச் சேர வேண்டும். இதையும் அந்த முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். புத்தகம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் குறிப்பேடுகள் ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த முடிவு தவறு என்று இன்னும் சில ஆண்டுகள் கழித்து ஒருவர் நிரூபிக்க விரும்பினால், அதற்கான ஆதாரம் முழுவதும் அவருக்கு ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.